எண்ணிக்கொண்டே இருக்கும் யானை

வாலாஜாபாத்
14.6.2025

அக்கா,

போனில் பேசினால் பாதியில் கட் பண்ணிவிடுகிறாய். கடிதத்தைக் கட் பண்ண முடியாது. கிழித்துப் போடலாம். ஆனால் கிழிப்பதற்கு முன்னால் முழுக்கப் படித்துவிடுவாய், உன்னை எனக்குத் தெரியும். அதனால்தான் எழுதிப் பொன்னியிடம் கொடுத்தனுப்புகிறேன். பக்கத்து வீட்டுக்காரிதானே, தினமும் கம்பெனி பஸ்ஸில் உன் ஷிஃப்டுக்குத்தான் வருகிறாள்.

என்னோடு சண்டை போட்டு நீ பெட்டியைக் கட்டிக்கொண்டு ஸ்ரீபெரும்புதூர் ஹாஸ்டலுக்குப் போனதிலிருந்து அப்பா என்னைத்தான் முறைக்கிறார். அப்படி என்ன சொல்லிவிட்டேன்? டீச்சர் வேலை எனக்கு ஒத்துவராது என்றேன். மழலையர் கல்வி டிப்ளமோ படித்தேன், பாஸும் பண்ணினேன். இந்த ஒரு வருஷப் பயிற்சியையும் முடித்தால்தான் டீச்சர் என்கிறார்கள். அதைத்தான் என்னால் முடிக்க முடியும் என்று தோன்றவில்லை.

ஸ்கூல் திறந்து இரண்டு வாரம் ஆகிறது. எல்.கே.ஜி. முழுக்க அழுகை. ஒன்று அழுதால் பக்கத்தில் இருப்பது அழுகிறது, அதைப் பார்த்து அடுத்தது. ஸ்ரீகர் என்று ஒரு பையன், காலையில் கேட்டில் ஆரம்பித்தால் மணி அடிக்கும் வரை நிறுத்துவதில்லை. நான் டிப்ளமோவில் படித்த எல்லாவற்றையும் செய்து பார்த்துவிட்டேன். பாட்டுப் பாடினேன், பொம்மை காட்டினேன். நேற்று நானும் சேர்ந்து அழுதேன். அப்போதுதான் அவன் ஒரு நிமிஷம் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான்.

இதில் என் பேச்சு வேறு. ஸ்கூல் இருப்பது சின்ன காஞ்சிபுரத்தில், வீட்டில் "வந்துண்டிருக்கேன்" என்று பேசுகிற பிள்ளைகள். ஸஹானா வீட்டுக்குப் போய் "வந்துக்கினு இருக்கேன்மா" என்று சொல்லியிருக்கிறாள். மறுநாள் அவளுடைய அம்மா என்னிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் சொன்னார்.

உன் சூப்பர்வைசரிடம் எனக்காக ஒரு வார்த்தை சொல்லக்கா. செல்போன் பூட்டுகிற லைனில் போட்டால் போதும். செல்போன் போர்டு அழாது. ஸ்க்ரூ மூத்திரம் போகாது.

தீபிகா

&nbsp;

ஸ்ரீபெரும்புதூர்
20.6.2025

தீபி,

கிழிக்கவில்லை.

போர்டு அழாதுதான். அழுகிறவர்கள் நாங்கள். பாத்ரூமில் போய், குழாயைத் திறந்துவிட்டு. பொன்னியைக் கேட்டுப் பார்.

சூப்பர்வைசரிடம் சொல்லமாட்டேன். எனக்கு டீச்சர் ட்ரெய்னிங்கில் சீட்டு வந்த வருஷம்தான் அப்பா மாடியிலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். நான் சீட்டை விட்டுவிட்டுக் கம்பெனிக்குப் போனேன். இதை உன்னிடம் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. சரி, இப்போது சொல்லிக் காட்டுகிறேன். எனக்குக் கிடைக்காதது உன் கைக்கு வந்திருக்கிறது. நீ அதைக் கீழே போட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து நிற்கிறேன் என்கிறாய். வந்து நின்றால் உன் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்?

இரண்டு வாரத்தில் யாருக்கும் எதுவும் வராது. நான் லைனில் முதல் மாதம் தப்பாகப் பூட்டியதையெல்லாம் சேர்த்தால் ஒரு கடை வைக்கலாம்.

அழுகிறவனை அழாதே என்று சொல்லாதே. அழ ஒரு இடம் கொடு. ஏதோ தோன்றியது, எழுதிவிட்டேன். நீதானே டிப்ளமோ படித்தவள்.

புவனேஸ்வரி

&nbsp;

வாலாஜாபாத்
5.7.2025

அக்கா,

உன் கடிதத்தைப் படித்து இரண்டு நாள் கோபத்தில் இருந்தேன். சின்ன வயதில் உன் பழைய பாவாடையைப் பிடித்துத் தைத்து எனக்குப் போடுவார்களே, இப்போது உன் ஆசையையும் அதே மாதிரி எனக்குப் போட்டுவிட்டீர்களா என்று யோசித்தேன். டிப்ளமோவில் சேர நான்தான் ஃபார்ம் வாங்கினேன். ஆனால் வாங்கச் சொன்னது யார்? நீயா, நானா? ஞாபகமே வரவில்லை. உனக்கு வருகிறதா?

"அழ ஒரு இடம் கொடு" என்று எழுதியிருந்தாய். அது மட்டும் மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. வத்ஸலா மேடம் வீட்டில் புது ஃப்ரிட்ஜ் வந்தது, அந்த அட்டைப்பெட்டியைக் கேட்டு வாங்கினேன். அவர்தான் எங்கள் தலைமையாசிரியை, கேட்டால் கொடுத்துவிட்டு அப்புறம்தான் எதற்கு என்று கேட்பார். பெட்டியைப் படுக்கப் போட்டு, பின்பக்கம் ஒரு வாசல் வெட்டி, முன்னால் தும்பிக்கையும் காதும் ஒட்டினேன். யானை. அழுகிறவர்கள் யானை வயிற்றுக்குள் போய் அழலாம், வேண்டியமட்டும் அழுதுவிட்டு வெளியே வரலாம் என்று சொன்னேன்.

ஸ்ரீகர் போனான். உள்ளே உட்கார்ந்து அழுதான். அட்டைக்குள் அழுகை வேறு மாதிரி கேட்கிறது போல, நடுவில் நிறுத்தி "ஊ" என்று ஒரு சத்தம் போட்டுப் பார்த்தான். மறுபடி அழுதான். இப்போது அழாத பிள்ளைகளும் உள்ளே போவதற்காக அழுகிறார்கள். இது முன்னேற்றமா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை.

ஆனாலும் சூப்பர்வைசரிடம் சொல்.

தீபிகா

&nbsp;

ஸ்ரீபெரும்புதூர்
11.7.2025

தீபி,

பெட்டியில் காற்றுப் போக ஓட்டை போட்டாயா? ஸ்டேப்ளர் பின் இருந்தால் பிடுங்கிவிட்டு டேப் ஒட்டு. தும்பிக்கையைப் பிடித்துத் தொங்குவார்கள், உள்பக்கம் ஒரு கட்டை கொடுத்துக் கட்டு. சாம்பல் நிறத்துக்குக் கறுப்பில் கொஞ்சம் வெள்ளையைக் கலக்காதே, வெள்ளையில் கொஞ்சம் கறுப்பைக் கலக்கு. பிள்ளைகளையே பூசச் சொல்.

நான் ரொம்பக் கேட்கிறேன் என்று நினைக்காதே. சும்மா கேட்டேன்.

ஃபார்ம் வாங்கச் சொன்னது நான் இல்லை. நான் வாங்கி வைத்திருந்ததை நீயே எடுத்துப் பூர்த்தி பண்ணினாய். அல்லது நான்தான் மேஜைமேல் உன் கண்ணில் படும்படி வைத்தேனோ என்னவோ. எனக்கும் சரியாக ஞாபகம் இல்லை.

புவனா

&nbsp;

வாலாஜாபாத்
26.7.2025

அக்கா,

எல்லாம் போச்சு.

நீ சொன்னபடி பிள்ளைகளையே பூசவிட்டேன். யானை, பெஞ்சு, என் புடவை எல்லாம் சாம்பல். பூசி முடித்ததும் ஸஹானா கேட்டாள், "டீச்சர், நாமம் இல்லாம யானையா?" வரதராஜப் பெருமாள் கோவில் பக்கத்திலேயே வளர்கிற பிள்ளைகள், நாமம் இல்லாத யானையை அவர்கள் பார்த்ததே இல்லை. நியாயம்தானே என்று போனில் ஒரு படம் பார்த்து, அதைப் போலவே பெரிதாக வரைந்தேன். எல்லாரும் கை தட்டினார்கள்.

எனக்கு என்ன தெரியும்? நம் வீட்டில் பொங்கலுக்குப் பொங்கல் மாட்டுக்குப் பொட்டு வைப்போம், எந்தப் பொட்டு என்று மாடும் கேட்டதில்லை. இங்கே ஐயங்கார்களிலேயே இரண்டு பிரிவாம், வடகலைக்கு ஒரு நாமம், தென்கலைக்கு ஒரு நாமம். ஒன்றுக்குக் கீழே மூக்குமேல் பாதம் இறங்கும், ஒன்றுக்கு இறங்காது. நெற்றிகளைத் தினமும்தான் பார்க்கிறேன், இத்தனை நாள் அது கண்ணில் படவே இல்லை. நான் வரைந்ததற்குப் பாதம் இல்லை.

மறுநாள் ஸ்ரீகரின் அப்பா வந்தார். அழகியமணவாளன் என்று பெயர், பேங்க்கில் வேலை. கோபமே படவில்லை. "தப்பா எடுத்துக்காதீங்கோ டீச்சர், கொழந்தை தினம் அதுக்குள்ளதான் ஒக்காந்துண்டு இருக்கான். நம்மாத்து நாமம் இது இல்லையே" என்றார். இதற்கென்ன என்று ஒரு பாதம் போட்டுவிட்டேன்.

அடுத்த நாள் ஸஹானாவின் அம்மா. "நேத்திக்கு நன்னாத்தானே இருந்தது, யார் சொல்லி மாத்தினேள்?" அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர். முதலிலேயே ஒன்றை வரைந்து அதிலேயே நின்றிருந்தால் தெரியாமல் செய்தேன் என்று ஆகியிருக்கும். மாற்றியதால் நான் ஒரு பக்கம் சேர்ந்துவிட்டேனாம்! எந்தப் பக்கம் என்று எனக்கே தெரியாது.

சரி, வம்பே வேண்டாம் என்று நாமத்தை மொத்தமாகச் சாம்பலால் பூசி மூடினேன். காலையில் பிள்ளைகள் வந்து பார்த்தார்கள். ஒருவரும் கிட்டே வரவில்லை. ஸ்ரீகர் மெதுவாகக் கேட்டான், "டீச்சர், யானையாத்துல யாராவது செத்துப் போயிட்டாளா?" அவர்கள் வீடுகளில் துக்கம் என்றால்தான் நெற்றி வெறுமையாக இருக்குமாம். அதற்கு நான் பதில் சொல்வதற்குள் மொத்த வகுப்பும் அழ ஆரம்பித்துவிட்டது. முதல் நாளைவிடப் பெரிய அழுகை. யானை வயிற்றுக்குள் போக யாரும் தயாராக இல்லை.

வத்ஸலா மேடம் என்னைக் கூப்பிட்டார். "இந்தச் சண்டை நம்ம பொறக்கறதுக்கு முன்னாடியே இருக்கும்மா. நீ ஏன் அட்டைப்பொட்டியில அதைக் கொண்டு வந்தே? யோசிச்சு ஒரு வழி பண்ணு, இல்லேன்னா யானையை எடுத்துடு" என்றார்.

யோசிக்கிறேன். ஒன்றும் வரவில்லை. பாதம் போட்டாலும் தப்பு, எடுத்தாலும் தப்பு, ஒன்றுமே செய்யாவிட்டாலும் தப்பு. இந்த வேலை எனக்கு வேண்டாம் என்று சொன்னேனே, கேட்டாயா?

தீபிகா

&nbsp;

ஸ்ரீபெரும்புதூர்
2.8.2025

தீபி,

வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டுக் காஞ்சிபுரம் வந்தேன். உனக்குச் சொல்லவில்லை. யானையைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது, அவ்வளவுதான்.

கேட் வரைக்கும் வந்தேன். நீ வாசலில் நின்றுகொண்டிருந்தாய். உன்னைச் சுற்றி நாலைந்து பேர். ஒருவர் பேசி முடிப்பதற்குள் இன்னொருவர். நீ தலையைக் குனிந்துகொண்டு "சரிங்க, சரிங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாய். புடவையில் அப்போதும் சாம்பல் கறை. வீட்டில் என்னிடம் ஒரு வார்த்தை தோற்காதவள் நீ. உன்னை அப்படிப் பார்க்க என்னால் முடியவில்லை. உள்ளே வராமல் அப்படியே பஸ் ஏறிவிட்டேன். கோபம் யார் மேல் என்று தெரியவில்லை. அவர்கள் மேலா, என் மேலா?

நீ இனி அங்கே இருக்க வேண்டாம். சூப்பர்வைசரிடம் பேசிவிட்டேன். வருகிற பதினெட்டாம் தேதி திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஆள் எடுக்கிறார்கள். சர்ட்டிஃபிகேட் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டுக்கொண்டு வா. நான் கம்பெனி கேட்டில் நிற்பேன்.

உன் அக்கா

&nbsp;

வாலாஜாபாத்
9.8.2025

அக்கா,

நீ என்னதான் நினைத்துக்கொண்டிருக்கிறாய்? நான் வருகிறேன் என்றால் வராதே என்பாய். இப்போது நானே இன்னும் நாலு நாள் பார்ப்போம் என்று இருக்கும்போது வா என்கிறாய். கேட் வரைக்கும் வந்துவிட்டு என்னைப் பார்க்காமல் போயிருக்கிறாய். உள்ளே வந்து என் பக்கத்தில் நின்றிருந்தால் என்ன? எனக்கு அழுகை அழுகையாக வருகிறது, யானைக்குள் போகலாம் என்றால் நான் கொள்ளமாட்டேன்.

நீ பார்த்தது வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமை நடந்ததை நீ பார்க்கவில்லை.

அன்று காலை யானையை வெளியே எடுத்துவிடலாம் என்றுதான் சீக்கிரம் போனேன். தனியாக இழுக்க முடியவில்லை. பாதி திருப்பியதும் அது மூலையில் போய் மாட்டிக்கொண்டது, முகம் சுவரைப் பார்த்து, வாசல் என்னைப் பார்த்து. அதற்குள் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். "யானை ஏன் அப்டி நிக்கறது?" என்றான் ஸ்ரீகர். எல்லாரும் என் வாயையே பார்த்தார்கள். எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, என் வாயில் வந்துவிட்டது:

"ஷ்! யானை கண்ணாமூச்சி ஆடுது. கண்ண மூடிக்கினு எண்ணிக்கினு இருக்குது. போய் ஒளிஞ்சிக்கங்க!"

அக்கா, ஒரே ஓட்டம். பெஞ்சுக்கு அடியில், கதவுக்குப் பின்னால், பைகளுக்கு நடுவில். யானைக்குச் சத்தமாக எண்ணத் தெரியாது, நாம் எண்ணிக் கொடுக்கலாம் என்றேன். ஒளிந்திருந்த இடத்திலிருந்தே எல்லாரும் "ஒண்ணு, ரெண்டு, மூணு, ஏழு, பத்து" என்று கத்தினார்கள். நடுவில் விட்டதை நான் சேர்த்தேன். ஸ்ரீகர் மட்டும் எங்கே ஒளிவதென்று தெரியாமல் நடுவில் நின்றான். அப்புறம் ஓடி வந்து என் முந்தானைக்குள் புகுந்துகொண்டு, "டீச்சர், பேசாதீங்கோ. யானைக்குக் கேட்டுடும்" என்றான். அழவே இல்லை. அன்று முழுக்க அழவில்லை.

இப்போது நெற்றியை யாரும் பார்க்க முடியாது. அழகியமணவாளன் சார் வந்து எட்டிப் பார்த்தார், ஸஹானாவின் அம்மாவும் பார்த்தார். "என்ன நாமம் போட்டிருக்கு?" என்று அவர் கேட்க, ஸஹானா, "அம்மா, அது எண்ணிக்கினு இருக்குது, தொந்தரவு பண்ணாதே" என்று அதட்டினாள். என் பேச்சு அப்படியே! அந்த அம்மா என்னைப் பார்த்தார், நான் கூரையைப் பார்த்தேன்.

ஆனால் இதில் நான் என்ன செய்தேன்? பெட்டி மாட்டிக்கொண்டது, வாயில் ஏதோ வந்தது. நாளைக்கும் வரும் என்று என்ன நிச்சயம்? இதை வைத்து ஒருத்தி டீச்சர் ஆக முடியுமா? மேடத்திடம் கேட்டேன். "எனக்கு முப்பது வருஷமா அப்படித்தான் வந்துண்டிருக்கு" என்றார். ஆறுதலாகச் சொன்னாரா, பயமுறுத்தினாரா என்று புரியவில்லை.

பதினெட்டாம் தேதி வருகிறேன். நீ பேசிவிட்டாய், உன் பேச்சைக் கெடுக்கமாட்டேன். மேடத்திடம் ஒருநாள் லீவு என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.

தீபி

&nbsp;

ஸ்ரீபெரும்புதூர்
18.8.2025, சாயங்காலம்

அடியே,

உன் ஃபைல் வந்தது. நீ வரவில்லை.

பத்து மணியிலிருந்து கேட்டில் நிற்கிறேன். பதினொன்றுக்கு ஒரு புது நம்பரிலிருந்து போன். "நான் பஸ் கண்டக்டர் பேசறேன்மா. ஒரு பொண்ணு சுங்குவார்சத்திரத்துல எறங்கினு போயிச்சி, ஃபைலு சீட்லயே கெடக்குது. மேல ஒங்க நம்பர்தான் எழுதியிருக்குது" என்றார். உனக்கு அடித்தால் மணி போகிறது, எடுக்கவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு ஓடி ஃபைலை வாங்கினேன். நீ வீட்டுக்கு நல்லபடியாக வந்துவிட்டாய் என்று மத்தியானம் அம்மா சொன்ன பிறகுதான் தண்ணீர் குடித்தேன். "பெரிய பொட்டி ஒண்ணு தூக்கினு வந்திருக்கிறா, இன்னான்னு கேட்டா சிரிக்கிறா" என்றார் அம்மா.

என்ன நடந்தது? எழுது. போனில் சொன்னால் கத்திவிடுவேன்.

புவனா

&nbsp;

வாலாஜாபாத்
19.8.2025

அக்கா,

கத்தாதே. நான் வரத்தான் கிளம்பினேன். சத்தியமாக. மடியில் ஃபைல், மனதில் உன்னைத் தவிர ஒன்றும் இல்லை.

போன வாரம் ஸஹானா சொல்லியிருந்தாள், "டீச்சர், யானை தனியா எண்ணிக்கினே இருக்குதே, பாவம்." அவ்வளவுதான், நான் அதை மறந்துகூடப் போய்விட்டேன். சுங்குவார்சத்திரத்தில் பஸ் நின்றது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் ஒரு கடை வாசலில் வாஷிங் மெஷின் பெட்டி, நல்ல அட்டை, ஒரு மூலைகூட நசுங்கவில்லை. அதைத் தூக்கிப்போகக் குப்பை வண்டி பின்னால் நிற்கிறது. நான் யோசிக்கவில்லை, அக்கா. இறங்கியது தெரியாது. கடைக்காரரிடம் கேட்டதுகூட ஏதோ கனவுபோல இருக்கிறது. பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிமிர்ந்தால் பஸ் போய்விட்டது, ஃபைல் போய்விட்டது. போன் பைக்குள் அடித்தது, இரண்டு கையிலும் பெட்டி. அப்புறம் எடுக்கப் பயம்.

ரோட்டோரத்தில் நின்று எனக்குள் கேட்டுப் பார்த்தேன். டீச்சர் வேலை எனக்குப் பிடித்திருக்கிறதா? தெரியவில்லை. எனக்கு வருமா? தெரியவில்லை. இது உன் ஆசையா, என் ஆசையா? அதுவும் தெரியவில்லை. ஆனால் இந்தப் பெட்டிக்குக் காது எந்தப் பக்கம் ஒட்ட வேண்டும் என்று மட்டும் தெரிந்தது. எதிர்ப்பக்கம் போய், வாலாஜாபாத் வழியாகப் போகும் காஞ்சிபுரம் பஸ்ஸுக்குக் கை காட்டினேன்.

உன்னைக் கேட்டில் நிற்கவைத்துவிட்டேன். உன் சூப்பர்வைசர் என்ன சொன்னார்? உனக்குக் கெட்ட பெயரா? அதை நினைத்தால்தான் சாப்பாடு இறங்கவில்லை. மற்றபடி இன்றைக்கு ஸ்கூலுக்குப் போனேன். பயமாகத்தான் இருந்தது, போனேன்.

தீபி

&nbsp;

ஸ்ரீபெரும்புதூர்
22.8.2025

தீபி,

"ஒன் தங்கச்சி எங்கம்மா?" என்று சூப்பர்வைசர் கேட்டார். "வேலைக்குப் போயிட்டா சார்" என்றேன். என் வாயிலும் அப்படித்தான் வந்தது. அவர் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார், அவ்வளவுதான். நீ சாப்பிடு.

எனக்குக் கோபம் இருக்கிறது. சந்தோஷமும் இருக்கிறது. எது எவ்வளவு என்று கேட்காதே. நீ அந்த வகுப்பில் நின்றால் எனக்கு ஏதோ கிடைத்துவிடும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். கிடைக்காது, அது உன் யானை. இதை எழுதும்போது கொஞ்சம் வலிக்கிறது. பரவாயில்லை.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறேன், பெட்டியோடு. ஹாஸ்டல் சாப்பாடு போதும். உன் ஃபைலை அப்பாவிடம் கொடுத்து அலமாரியில் பூட்டச் சொல்கிறேன், உன்னை நம்பமாட்டேன். புது யானைக்குக் கட்டை கொடுத்துக் கட்டாதே, நான் வந்து கட்டுகிறேன். நெற்றி பக்கம் பிரஷ்ஷையே கொண்டு போகாதே.

திங்கட்கிழமை எனக்கு ஷிஃப்ட் இல்லை. இந்த முறை கேட்டோடு திரும்பமாட்டேன். யானையிடம் சொல்லி வை, ஒருத்தி கொஞ்சம் லேட்டாக வருகிறாள், அவள் ஒளிந்துகொள்ளும்வரை எண்ணிக்கொண்டே இருக்கட்டும்.

அக்கா